நடுப்பேச்சு

ஜன்னல் பக்கம் யாருக்காவது இடம் பிடிச்சு வெச்சிருக்கியாம்மா? இல்லையா? அப்போ நான் உட்கார்ந்துக்கிறேன். இன்னிக்கு ஒரு இடத்துல கால் நிக்க மாட்டேங்குது. அந்தப் பெட்டியில உட்கார்ந்தேன், பிடிக்கல. எழுந்து இங்க வந்தேன். நீ தினம் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வர்றவதானே? பங்காருப்பேட்டையா? நான் அதையும் தாண்டி, சாம்பியன். கோலார் தங்க வயல், சாம்பியன் ரீஃப். நீ தூங்கணும்னா தூங்கு. நான் வாயே திறக்க மாட்டேன்.

காதுல இன்னா ஓடுது? பாட்டா? கேளு கேளு. எனக்குப் பாட்டுன்னாலே ஆகாது. ஆகாதுன்னா, ஒரே ஒரு பாட்டு ஆகாது. அந்த ஒண்ணால மத்ததெல்லாம் கெட்டுப்போச்சு. அந்தப் பாட்டுக்காகத்தான் காலையில கிளம்பி தனியா பெங்களூர் வந்தேன், எழுபதை நெருங்குற வயசுல. வந்த காரியம் ஆகல. திரும்பிப் போய்க்கினு இருக்கேன். அவ்வளவுதான் கதை. நீ பாட்டைக் கேளு.

கழட்டிட்டியா? கழட்ட வேணாம்மா. சரி, கழட்டிட்ட, சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் பேரு எட்வின். மைன்ஸ்ல எலக்ட்ரிகல் டிபார்ட்மென்ட்ல இருந்தாரு. போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆகுது. அவரு பாடுவாரு. குளிக்கும்போது பாடுற பாட்டு இல்ல, ரெக்கார்டு குடுத்தவரு. நாலு பேரு சேர்ந்து ஒரு குரூப்பு வெச்சிருந்தாங்க, ‘ஃபோர் லாம்ப்ஸ்’னு. சுரங்கத்துல இறங்குறவன் தலையில ஒரு விளக்கு கட்டிக்கினு இறங்குவான் இல்ல, அந்த விளக்கு. வாத்தியம்னு பார்த்தா ஒரு கிடார். மத்ததெல்லாம் தொண்டைதான். எட்வின் மேல் குரல். மெல்லிசா, பொம்பள பாடுற மாதிரி ஏறும், எங்க உடைஞ்சிடுமோன்னு கேட்கிறவங்க மூச்சைப் பிடிச்சுக்குவாங்க. கீழ்க் குரல் அமலதாஸ். எங்க லைன்ல எதிர் வீடு. லைன்னா மைன்ஸ் குவார்ட்டர்ஸ்மா, வரிசையா தகரக் கூரை போட்ட வீடு. தாஸு அண்டர்கிரவுண்ட்ல வேலை பார்த்தான். அவன் குரலும் அங்கிருந்துதான் வருதுன்னு சொல்லிச் சிரிப்பாங்க. மிச்சம் ரெண்டு பேரு ஜோவும் சவரியும். ஜோவை விடு, அவன் அப்பவே ஆஸ்திரேலியா போயிட்டான். சவரி இப்போ உயிரோட இல்ல. அவன் தங்கச்சி பிலோமினாவை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. அவளைப் பார்க்கத்தான் இன்னிக்குப் போனேன்.

அப்போ எங்க ஊர்ல ஆங்கிலோ இந்தியக் குடும்பம் நிறைய. ஒருத்தரு ஊரைக் காலி பண்ணிக்கினு போகும்போது ஒரு பெட்டி நிறைய ரெக்கார்டை எட்வின்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க பாடினது. சோல் மியூசிக்னு பேராம். கோயில்ல பாடுற மாதிரியே இருக்கும்மா. ஒருத்தன் கண்ணை மூடிக்கினு கெஞ்சுவான், அழுவான். பின்னாடி மூணு பேரு ‘ஊ... ஊ...’ன்னு அவனைக் கீழ விழாம தாங்குவாங்க. ஆனா கூப்பிடுறது ஆண்டவரை இல்ல, ஒரு பொண்ணை. அதான் வித்தியாசம். பங்குச் சாமியாருக்கு அது பிடிக்கல. எங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு.

ஷிப்டு முடிஞ்சதும் நாலு பேரும் தாஸு வீட்லதான் கூடுவாங்க. தாஸுக்கு அம்மா மட்டும்தான். அந்த அம்மாவுக்கு நான்னா உசுரு. உப்பு வேணும், புளி வேணும், சல்லடை வேணும்னு எங்க வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நாள் பூரா நடந்துக்கினே இருப்பேன். அங்கதான் எட்வின் என்னைப் பார்த்தாரு. பிடிச்சுப் போச்சு. எங்கப்பாகிட்ட வந்து பேச தைரியம் இல்ல. யாரு வந்து பேசினா தெரியுமா? தாஸு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கினு வந்தான். எங்கப்பா நாற்காலி எடுத்துப் போட்டாரு. உட்காரல. நின்னுக்கினே சொன்னான், “எட்வின் நல்லவன் மாமா. குடிக்க மாட்டான். ஜெசியை நல்லா வெச்சுக்குவான்”னு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கினு இருந்தேன். “ஊருக்கெல்லாம் பேச வர்றியே, உனக்கு எப்போடா கல்யாணம்?”னு எங்கப்பா கேட்டாரு. “எனக்கு இன்னா மாமா அவசரம்”னு சொல்லிட்டு, குடுத்த காபியைக்கூட முழுசா குடிக்காம போயிட்டான். சிநேகிதன்னா அப்படி இருக்கணும். இப்போ யாரு செய்யுறா?

இது இன்னா, வண்டி நின்னுடுச்சு? ஒயிட்ஃபீல்டா? எதிர்ல எக்ஸ்பிரஸ் வருதோ இன்னாவோ. இவங்களுக்கு நம்ம அவசரம் எங்க தெரியுது.

பரிசம் போட்டாச்சு. மழைக்காலம் முடிஞ்சு கல்யாணம்னு பேச்சு. அந்த இடைவெளியிலதான் நாலு பேரும் மெட்ராஸ் போய் ரெக்கார்டு குடுத்துட்டு வந்தாங்க. சின்னத் தட்டு. ஒரு பக்கம் இங்கிலீஷு, ஒரு பக்கம் தமிழு. அந்தத் தமிழ்ப் பாட்டுதான். ‘கொஞ்சம் இரு’ன்னு ஆரம்பிக்கும். ரொம்ப மெதுவா. எட்வின் மேல மேல ஏறிக் கெஞ்சுவாரு, கொஞ்சம் இரு, கொஞ்சம் இருன்னு. தமிழ்ல அந்த மாதிரி ஒருத்தர் கெஞ்சி நான் கேட்டதே இல்ல. ஊரே பைத்தியமாச்சும்மா. கிளப்புல அது, கல்யாண வீட்ல அது, கிறிஸ்மஸ் டான்ஸ்ல அது. முதல்ல நானும் பெருமையாத்தான் திரிஞ்சேன். எனக்குத்தானே நிச்சயம் ஆகியிருக்கு, எனக்காகத்தானே பாடியிருப்பாருன்னு.

அப்புறம்தான் நடுப்பேச்சைக் கவனிச்சேன்.

அந்த அமெரிக்காக்காரங்க பாட்டுல ஒரு பழக்கம். நடுவுல கீழ்க் குரல்காரன் பாடாம பேசுவான். மத்தவங்க பின்னாடி ‘ஊ’ன்னு இழுத்துக்கினு இருப்பாங்க, இவன் பக்கத்துல உட்கார்ந்து சொல்ற மாதிரி மெதுவா பேசுவான். அதே மாதிரி இவங்களும் வெச்சாங்க. நாங்க அதை நடுப்பேச்சுன்னு சொல்லுவோம். கீழ்க் குரல் தாஸுதானே, அதனால அவன் பேசினான். இன்னா பேசினான்னு ஒரு எழுத்து மறக்காம சொல்லுவேன். அவ்வளவு எரிச்சல்பட்டிருக்கேன் அதைக் கேட்டு.

“வரேன்னு சொல்ற. சொல்லிட்டு வாசல்ல நிக்கிற. ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. நின்னுக்கினே இன்னொரு கதை ஆரம்பிக்கிற. வாங்க வந்ததை மறந்துட்டுப் போற, மறுபடி வர்ற. உன் கதை முடியக் கூடாதுன்னு நான் ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிறேன். முடிஞ்சா நீ போயிடுவ. நீ என்னைப் பார்க்க வரல, தெரியும். இருந்தாலும், கொஞ்சம் இரு.”

அவ்வளவுதான். அதுக்கப்புறம் எட்வின் மறுபடி மேல ஏறிப் பாடுவாரு, ஊர் சனம் கண்ணைத் துடைச்சுக்கும்.

எனக்கு உச்சி மண்டை கொதிச்சுது. எவ இவ? நீயே சொல்லும்மா, கட்டுப்பாடா வளர்ந்த பொண்ணு ஒரு ஆம்பள இருக்கிற வீட்டு வாசல்ல அப்படி நின்னு கதை அளப்பாளா? அவ வீட்ல அடுப்பு எரியாதா? வாங்க வந்ததை மறந்துட்டுப் போறாளாம், திரும்ப வர்றாளாம். மறதியா அது? சாக்கு! எட்வினை வளைச்சுப் போட எவளோ ஒருத்தி அலைஞ்சிருக்கா, இவரு அவளை நினைச்சு பாட்டு கட்டியிருக்காரு, கட்டிட்டு என்னை நிச்சயம் பண்ணிக்கினு வந்திருக்காருன்னு முடிவே பண்ணிட்டேன். குரூப்புல பாட்டுக் கட்டுறது அவருதான்னுதான் ஊருக்கே தெரியும்.

கேட்டேன். நேருக்கு நேரா கேட்டேன், “அந்தப் பொண்ணு யாரு?”ன்னு. “அது பாட்டு, ஜெசி”ன்னாரு. “பாட்டு சரி, பொண்ணு யாரு?”ன்னேன். “யாரா இருந்தா உனக்கு இன்னா? நான் உன்னைத்தானே கட்டிக்கப் போறேன்”னாரு. இது பதிலா? எங்க கல்யாணத்துல அந்தப் பாட்டு பாடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். பாடல. அதுக்கப்புறம் வாழ்ந்த வாழ்க்கை பூரா அந்தக் கேள்விதான். நல்ல மனுஷன்மா. அடிச்சதில்ல, குடிச்சதில்ல. ஆனா மழை வந்தா, காய்ச்சல் வந்தா, மாசக் கடைசி வந்தா, எப்படியோ சுத்தி வளைச்சு நான் அங்க வந்துடுவேன். “அந்த வாசல்ல நின்னவளையே கட்டியிருக்க வேண்டியதுதானே”ன்னு. அவரு எழுந்து வெளிய போய் சைக்கிளைத் துடைப்பாரு.

விசேஷத்துக்குப் போற இடத்துல ஜனங்க விட மாட்டாங்க, பாடச் சொல்லிக் கேட்பாங்க. பாடுவாங்க. நடுப்பேச்சு வரும்போது நான் எட்வின் முகத்தையே பார்த்துக்கினு நிப்பேன். கண்ணு எந்தப் பக்கம் போகுது, எந்தப் பொம்பள பக்கம் போகுதுன்னு. எங்கயும் போகாது. தரையைப் பார்த்துக்கினு நிப்பாரு. குத்தமுள்ள நெஞ்சுன்னு நினைச்சுக்குவேன். பேசுறவனை நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. அவனை எதுக்குப் பார்க்கணும்? எட்வின் சொல்லிக் குடுத்ததைத் திருப்பிச் சொல்றவன்தானேன்னு.

ஒரு ஞாயித்துக்கிழமை அந்தத் தட்டை எடுத்துத் தரையில அடிச்சு உடைச்சேன். எட்வின் திட்டல. குனிஞ்சு துண்டைப் பொறுக்கினாரு. கல்யாணத்துக்கப்புறமும் நாங்க எங்கப்பா வீட்லயே, தாஸுக்கு எதிர்லயேதான் இருந்தோம். ஞாயித்துக்கிழமைன்னா அவனுக்கு எங்க வீட்லதான் சாப்பாடு, கல்யாணமான நாள்லேருந்து. அம்மா போனதுக்கப்புறம் அவனுக்கு யாரு இருக்கா? எட்வின்தான் பிடிவாதமா கூட்டிக்கினு வருவாரு. அன்னிக்கும் வந்தான். “கை தவறி உடைஞ்சிடுச்சுடா”ன்னாரு எட்வின். “கை ஒண்ணும் தவறல, நான்தான் உடைச்சேன். அந்தச் சிறுக்கி பேச்சு இனிமே என் வீட்ல கேட்கக் கூடாது”ன்னேன். தாஸு தலையைக் குனிஞ்சு சோத்தைப் பிசைஞ்சுக்கினே இருந்தான். கறிக்குழம்பு ரெண்டாந்தரம் போட்டுக்கல. சிநேகிதன் வீட்ல சண்டைன்னா அவனுக்குத் தாங்காது, பாவம்.

மாலூர் வந்துடுச்சா? தள்ளு, நான் கதவுகிட்ட போய்க் கொஞ்சம் காத்து வாங்கறேன். உன்னைப் போட்டு அறுத்துக்கினு இருக்கேன். நீ காதுல மாட்டிக்கோ.

இல்ல, இதை மட்டும் சொல்லிட்டுப் போயிடுறேன்.

மைன்ஸ் மூடினாங்க. ஆளுங்க இந்த வண்டியைப் பிடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. எட்வினும் போனாரு கொஞ்ச வருஷம். தாஸு போகல. அவனுக்கு அப்பவே நெஞ்சுல தூசி. பாறையை உடைக்கிற இடத்துல நின்னவங்களுக்கு வர்ற வியாதி, கல்லுத் தூசி உள்ள போய் உட்கார்ந்துக்கும், வெளிய வராது. எட்வினுக்குத்தான் முதல்ல சாவு வந்துச்சு. கடைசி நாள்ல என் கையைப் பிடிச்சுக்கினு, “தாஸைப் பார்த்துக்கோ ஜெசி”ன்னாரு. “நீ பார்த்துக்கணும், வேற யாரும் வேணாம்”ன்னாரு. எனக்குக் கோபம்தான். நாற்பது வருஷத்துக்கு மேல கூட வாழ்ந்தவகிட்ட போகும்போது சொல்ற வார்த்தையா இது? நான் இன்னா ஆவேன்னு கேட்கலையே.

ஆனா பார்த்துக்கிறேன். காலையில கஞ்சி, மதியம் சோறு. எதிர் வீடுதானே, ஒரு வேலையும் இல்ல. இப்போ ரொம்ப முடியல. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. அந்தக் குரல் போயே போச்சும்மா. பேசினா காத்துதான் வருது. பக்கத்துல காதை வெச்சாத்தான் வார்த்தை.

போன வாரம், கஞ்சி குடுத்துக்கினு இருக்கேன், எனக்கு என்னவோ தோணிச்சு. இவனும் போயிட்டா அப்புறம் யாரைக் கேட்கிறதுன்னு. கேட்டுட்டேன். “தாஸு, அவருதான் போயிட்டாரு, இப்பவாவது சொல்லு. அவரு எழுதினாரே, அந்த வாசல்ல நின்னவ, அவ யாரு?”ன்னு.

கஞ்சிக் கரண்டியைக் கையால தள்ளினான். அப்புறம், “வார்த்தை அவனோடது இல்ல ஜெசி. மெட்டுதான் அவனோடது. வார்த்தை என்னோடது”ன்னான்.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, தலையில இருந்த தண்ணிக் குடத்தை இறக்கின மாதிரி. அப்போ எட்வினுக்கு எவளும் இல்ல. என் புருஷனுக்கு எவளும் இல்லம்மா! சந்தோஷத்துல அழுகை வந்துடுச்சு. அடுத்த நிமிஷமே கோபம். “ஏன்டா, இதை அப்பவே சொல்லியிருந்தா நான் நிம்மதியா குடித்தனம் பண்ணியிருப்பேனே”ன்னு கத்தினேன். “நீ என்னை எப்போ கேட்ட?”ன்னான். அதுவும் சரிதான். நான் அவனைக் கேட்டதே இல்ல.

“சரி, உன் பொண்ணுதான் யாரு? எங்க இருக்கா?”ன்னேன். கண்ணை மூடிக்கினான். “நல்லா இருக்கா. கஞ்சி ஆறுது”ன்னான். “அவகிட்ட சொன்னியா இல்லையா?” “இல்ல.” “அவளுக்குத் தெரியுமா?” தலையை ஆட்டினான், தெரியாதுன்னு. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம், அவன் மேல இல்ல, அவ மேல. ஒரு மனுஷன் ஒருத்தியை நினைச்சு கல்யாணமே பண்ணிக்காம காலத்தை ஓட்டியிருக்கான், அவளுக்கு அது தெரியலைன்னா அவ இன்னா பொம்பள? கண்ணு குருடா? காது செவிடா? ஊரே அந்தப் பாட்டைக் கேட்டுச்சே!

அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். அந்த வீட்டுக்கு வந்து போன பொண்ணு யாருன்னு. எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான். சவரி தங்கச்சி பிலோ. அண்ணன் பாடுறதைக் கேட்கிறேன்னு வந்து மூலையில உட்கார்ந்து லேஸ் பின்னிக்கினு இருப்பா. கண்ணு பின்னல்ல இருக்காது, தாஸு மேலதான் இருக்கும். அப்புறம் பெங்களூர்க்காரனைக் கட்டிக்கினு காக்ஸ் டவுன் போயிட்டா. அவதான்னு முடிவு பண்ணினேன். தாஸு கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை அவளைக் கூட்டிக்கினு வந்து அவன் முன்னாடி நிறுத்திடணும்னு, விலாசம் கிடைச்சதும் இன்னிக்குக் காலையில கிளம்பிட்டேன். தாஸுகிட்ட சொல்லல. பக்கத்து வீட்டுப் பொண்ணு ஷீபாவை அவனைப் பார்த்துக்கச் சொல்லிட்டு வந்தேன்.

வீட்டைக் கண்டுபிடிச்சேன். பிலோ நல்லா பருத்துட்டா, முடியெல்லாம் வெள்ளை. கதவைத் திறந்ததும் கேட்டுட்டேன். “பிலோ, நான் சண்டைக்கு வரல. தாஸு ரொம்ப நாள் இருக்க மாட்டான். அந்தப் பாட்டு உனக்குத்தான்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டுடி.”

அவ சிரிச்சா. சிரிச்சுக்கினே சோபாவுல உட்கார்ந்தா. அப்புறம் பார்த்தா கண்ணைத் துடைச்சுக்கினு இருக்கா. “எனக்கா இருந்திருந்தா நான் எதுக்குடி இந்த ஊருக்கு வரேன்? அங்கயே அவன் காலடியில கிடந்திருக்க மாட்டேனா?”ன்னா.

“அப்போ யாரு?”ன்னேன்.

“முதல்ல சாப்பிடு”ன்னா.

சாப்பிட்டேன். அவ வாயிலேருந்து ஒண்ணும் வரல. நானும் விட்டுட்டேன். “சரி, நான் வரேன் பிலோ, வண்டிக்கு நேரமாச்சு”ன்னு எழுந்தேன். வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்தா. செருப்பு மாட்டும்போது தாஸு மாத்திரை சாப்பிடாம அடம் பிடிக்கிறது ஞாபகம் வந்துச்சு, அதைச் சொன்னேன். அப்புறம் ஷீபாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்க, அதைச் சொன்னேன். அப்புறம் எங்க லைன்ல தண்ணி வராத கதை. பிலோ கதவுல சாஞ்சுக்கினு கேட்டுக்கினே இருந்தா. திடீர்னு, “ஜெசி, உன் காலைப் பாருடி”ன்னா.

பார்த்தேன். இன்னா இருக்கு, கால்தான் இருக்கு. ஒரு கால் வாசப்படிக்கு உள்ள இருக்கு. ஒரு கால் வெளிய இருக்கு.

“இதை எங்கயோ கேட்ட மாதிரி இல்ல?”ன்னா.

நான் அவளைப் பைத்தியம் மாதிரி பார்த்தேன். அவ என் கையைப் பிடிச்சுக்கினா. சொன்னா. மெட்ராஸ்ல ரெக்கார்டு முடிச்சுட்டு ரயில்ல திரும்பி வரும்போது நடந்ததாம். சவரி மேல் பெர்த்துல படுத்துக்கினு தூங்குற மாதிரி கேட்டுக்கினு இருந்திருக்கான், அவன்தான் தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கான். எட்வின் தாஸுகிட்ட கேட்டாராம், “நீ மைக் முன்னாடி பேசினப்போதான் எனக்குப் புரிஞ்சுது. அது ஜெசிதானேடா?”ன்னு. தாஸு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினானாம். “கல்யாணத்தை நிறுத்திடட்டுமா?”ன்னு கேட்டாராம். தாஸு, “அவ உன்னைத்தான்டா பார்க்கிறா. நான் அவ நின்னு உன்னைப் பார்க்கிற வாசலு, அவ்வளவுதான்”ன்னானாம். எட்வின் அழுதாராம். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசவே இல்லையாம், சாகிற வரைக்கும்.

எட்வினுக்கு அப்பவே தெரியுமாம். எல்லாம் தெரியுமாம்.

வண்டி ஏன் இப்படி ஊர்ந்துக்கினு போகுது? டியாகல் தாண்டிச்சா இல்லையா?

பிலோ எதையாவது சொல்லுவா. வயசாச்சு அவளுக்கு. சவரி குடிகாரன், அவன் பேச்சு ஒரு பேச்சா? தடதடன்னு ஓடுற ரயில்ல எவன் பேசினது எவன் காதுல விழும்? என் கால் எங்க இருந்தா இன்னா? எல்லாப் பொம்பளையும் வாசல்ல நின்னுதான் பேசுறா. உன் அம்மா நிக்கிறது இல்லையா?

ஆனா ஒண்ணு. எட்வின் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே, ‘அது நான் எழுதினது இல்லடி’ன்னு. ஒரே வார்த்தை. என் வாய் அன்னிக்கே மூடியிருக்கும். ஏன் சொல்லல? சொன்னா, பின்ன யாரு எழுதினதுன்னு கேட்டிருப்பேன். தாஸுன்னு சொன்னா, யாருக்காகன்னு கேட்டிருப்பேன். நான் விட மாட்டேன், அவருக்குத் தெரியும். அப்புறம் ஞாயித்துக்கிழமை தாஸு எங்க வீட்டுக்கு எப்படி வருவான்? எப்படி என் கையால சோறு வாங்கித் தின்னுவான்? அவனோட அந்தச் சோத்துத் தட்டு போயிடக் கூடாதுன்னுதான் அத்தனை வருஷம் என்கிட்ட வசவு வாங்கினாரா? இல்ல, தெரிஞ்சா நான் எதிர் வீட்டுப் பக்கம் திரும்பிடுவேனோன்னு பயந்தாரா? எதுன்னு இனிமே எப்படிக் கேட்கிறது? பயந்திருந்தா பைத்தியக்கார மனுஷன். நான் எங்க போகப் போறேன்? எனக்கு அவரைத்தானே பிடிச்சிருந்துச்சு.

இந்தப் பக்கம் இவன். எதிர் வீட்ல உட்கார்ந்துக்கினு, நான் ‘சிறுக்கி’ன்னு கத்தினதெல்லாம் கேட்டுக்கினு. ‘நீ என்னைப் பார்க்க வரல, தெரியும்’னு எல்லார் முன்னாடியும் என்கிட்டயே சொல்லிட்டு. நான் அவன் பக்கத்துல நின்ன மனுஷனை முறைச்சுக்கினு இருந்திருக்கேன்.

என் பை எங்கம்மா? மடியில இருந்துச்சே. நீ பார்த்தியா? பழுப்புக் கலர் துணிப்பை. மாத்திரைச் சீட்டு, கண்ணாடி, போனு எல்லாம் அதுலதான்... முதல்ல உட்கார்ந்த பெட்டியிலயும் விடல. நான் ஏறும்போதே கையில இல்ல. பிலோ வீட்டு நாற்காலியில மாட்டினேன்.

அங்கயே மறந்துட்டு வந்துட்டேன்.

...

உன் போனைக் கொஞ்சம் குடும்மா. ஷீபா நம்பர் எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன், நீயே போட்டுக் குடு.

ஹலோ, ஷீபா? ஜெசி ஆன்ட்டிதான். வண்டியில இருக்கேன். கஞ்சி குடிச்சானா? ஏன் குடிக்கல? நான் எங்கன்னு கேட்டுக்கினே இருக்கானா? போனை அவன் காதுகிட்ட வை. வெச்சிட்டியா?

தாஸு. நான்தான். நீ பேசாத, மூச்சு வாங்கும். பெங்களூருக்குத்தான் போனேன். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் எதுக்கு டாக்டர்கிட்ட போறேன்? அவளைத் தேடிக்கினுதான் போனேன். பாட்டுல இருக்காளே, அவளை. ம்... ம். கிடைச்சா. கூட்டிக்கினு வரேன்.

இந்தாம்மா, போனு.

சிரிச்சான். சிரிப்புன்னா வெறும் காத்துதான். “கிடைச்சாளா?”ன்னு கேட்டான். நான் சொன்னதுதான் உனக்கே கேட்டுச்சே. யோசிச்சுச் சொல்லல, அதுவா வந்துடுச்சு. என்கூட யாரு வர்றாங்க, சொல்லு? நான் ஒருத்திதானே போய் இறங்கப் போறேன்.

அப்புறம் கட் ஆயிடுச்சோன்னு நினைச்சேன். ஆகல. மூச்சு கேட்டுக்கினு இருந்துச்சு. கடைசியில சொன்னான், “இங்க மழை ஜெசி. படி வழுக்கும். அவளைப் பார்த்து வரச் சொல்லு”ன்னு.